கவுதாரிக்கு ஏழு முட்டை, சுறாவுக்கு ஒரு குட்டி

போன ஆனியில மல்லாட்டை போட உழவு ஓட்டிக்கிட்டிருந்தோம். டிராக்டர்காரர் சட்டுன்னு நிறுத்தினார். வரப்போரப் புல்லுக்குள்ளிருந்து ஒரு கவுதாரி படபடன்னு எழும்பிப் போச்சு. அது இருந்த இடத்தில் சின்னக் குழி, குழியில் ஏழு முட்டை. மணிக்கணக்கு வாடகை ஓடுது. "என்னண்ணே, ஓட்டட்டுமா?"ன்னார்.

சின்ன வயசுல நானே கண்ணி வச்சுக் கவுதாரி பிடிச்சவன்தான். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்னு அப்போ பேரணாம்பட்டுப் பக்கம் எங்களுக்கு யாரும் சொல்லலை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா, தெரியாது.

முட்டையைப் படம் எடுத்து தூத்தூர் நண்பருக்கு அனுப்பினேன். சென்னையில ஒரே மேன்ஷன்ல இருந்தோம். பிறகு அவர் ஆழ்கடல் படகுக்குப் போயிட்டார். உடனே போன் பண்ணினார். "ஏழா? நாங்க ஈரலுக்காகப் பிடிக்கிற சுறா வயித்துல ஒண்ணுதான் இருக்கும், மிஞ்சினா ரெண்டு."

அவர் சொன்னது கல்பர் சுறா. 200 மீட்டருக்கும் கீழே, வெளிச்சம் எட்டாத தண்ணியில, பச்சையா மின்னுற பெரிய கண்ணோட திரியும். மற்ற மீன்களுக்கு இருக்கும் காற்றுப்பை இதுக்கு இல்லை. எண்ணெய் நிறைஞ்ச பெரிய ஈரல்தான் அதை மூழ்காம வைக்குது. அந்த எண்ணெயில் உள்ள ஸ்குவாலீன் முகக் கிரீம் வரைக்கும் போகுது. எங்க ஊர் டேனரிகள்லயும் தோலை மெதுவாக்க மீன் எண்ணெய் போடுவாங்களே, அதுவும் இதுவான்னு கேட்டேன். "அது பெரும்பாலும் மத்தி மாதிரி மலிவான மீனு. இதை எவன் தோலுக்குப் போடுவான்?"னு சிரிச்சார்.

கவுதாரி 18, 19 நாள் அடைகாத்தா குஞ்சு வெளியே வந்து அன்னைக்கே நடக்கும். பாதி நரிக்கும் பருந்துக்கும் போனாலும், புதர் இருந்தா அடுத்த வருஷம் திரும்ப இருக்கும். அந்தச் சுறா ஒரு குட்டியைச் சுமக்கவே ஏறக்குறைய 2 வருஷம். பருவத்துக்கு வரவும் பல வருஷம். மாலத்தீவில் 1980-ல இதைப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. சில வருஷத்துலயே மீன்பாடு சரிஞ்சுபோச்சு. 2010-ல அங்கே எந்தச் சுறாவையும் பிடிக்கக் கூடாதுன்னு தடையே போட்டுட்டாங்க.

நண்பர் கடைசியா சொன்னார்: "உன் கவுதாரி கண்ணு முன்னாடி இருக்கு, ஒதுங்கிப் போகலாம். எங்க வலை கீழே என்ன செய்யுதுன்னு தூக்குற வரைக்கும் தெரியாது."

அந்த வரப்பை ஒட்டி ரெண்டு சால் விட்டுட்டு ஓட்டச் சொன்னேன். "மல்லாட்டை ரெண்டு படி போச்சு"ன்னு அண்ணன் இன்னும் சொல்லிக்காட்டுவார். மூணு வாரம் கழிச்சுப் போய்ப் பார்த்தேன். குழியில் உடைஞ்ச ஓடு மட்டும் கிடந்தது. அஞ்சு குஞ்சு வரை எண்ண முடிஞ்சது, அதுக்குள்ள புல்லுக்குள்ள ஓடிடுச்சு.