பேனாவும் மையும்



நமது மேசையின் மீது கறுப்புப் பேனா ஒன்று இருக்கின்றது. தங்க நிப்பும் இல்லை, மூடியில் அம்புக்குறியும் இல்லை. 1998-ஆம் ஆண்டில், மீஞ்சூர்ப் பங்கில் உதவிக் குருவாக நாம் முதன்முதல் பணியேற்றபோது, திருவள்ளூரில் ஒரு கடைசல் பட்டறையில் வாங்கியது. ஐம்பது ரூபாய்க்குள் முடிந்த வாணிபம். இதுவரை நிப்பு மூன்று முறையும் மூடியின் கிளிப்பு ஒரு முறையும் மாறியுள்ளன. சன்னலோரம் வெயில் பட்ட பக்கம் பழுப்பேறிவிட்டது. மற்றபடி அன்று எழுதியது போலவே இன்றும் எழுதுகின்றது.

நமது தலைமுறைக்குப் பவுண்டன் பேனாவின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. பந்துமுனைப் பேனாவால் கையெழுத்து கெட்டுவிடும் என்பது ஆசிரியர்களின் உறுதியான நம்பிக்கை. ஆறாம் வகுப்பில் அதைக் கையில் கண்டால் பிரம்பு பேசும். ஆகவே மைப்பேனா. சட்டைப் பையில் நீலக்கறை இல்லாத மாணவன் அரிது. தேர்வு நாளில் மை தீர்ந்தால் பக்கத்துப் பையனிடம் சொட்டுக் கணக்கில் கடன் வாங்குவோம். கடனும் சொட்டுக் கணக்கிலேயே திரும்பும். தாளில் மை கொட்டினால் சுண்ணாம்புக் கட்டியை வைத்து உறிஞ்சச் செய்வோம். நிப்பு எழுத மறுத்தால் சவர பிளேடை நடுப்பிளவில் விட்டு இழுப்போம். விரிந்துபோனால் நகத்தால் அழுத்திச் சேர்ப்போம். பர்மா பஜாரிலிருந்து வந்த சீனத்து ஹீரோ பேனாவை வைத்திருந்த ஒருவனுக்கு வகுப்பில் தனி மரியாதை. அவனது பேனா பழுதானபோது அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்று நம்மில் எவருக்கும் தெரியவில்லை. நம்முடைய பேனாக்களின் வயிற்றையோ நாம் நாள்தோறும் பார்த்தவர்கள்.

மலிவான பேனா நீண்டு வாழ்வதன் இரகசியம் இதுவே என்று நாம் கருதுகின்றோம். கழுத்தைத் திருகினால் கழன்று வரும். நிப்பையும் அதன் அடியிலுள்ள கட்டையையும் இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே ரப்பர்ப் பையோ விசைத்தண்டோ கிடையாது. பேனாவின் உடலே மைக்கூடு. மைநிரப்பியால் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டியதுதான். கெட்டுப்போகும் உறுப்பு குறைவு. கெட்டாலும் வெதுவெதுப்பான நீரும் பழந்துணியும் போதும். குறையும் உண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கும்போது, கைச்சூட்டினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். திடீரென ஒரு சொட்டு தாளில் விழும். மை முழுதும் தீருமுன் நிரப்பிக்கொள்வதே மருந்து.

பேனாவின் உடல் எபொனைட்டு என்னும் கடின ரப்பரால் ஆனது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் அது மரம் போல் இறுகும். அந்த இறுகிய ரப்பருக்கு அவரது தம்பி நெல்சன் 1851-இல் காப்புரிமை பெற்றார். இப்பொருள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மை அதன்மேல் நன்றாகப் படியும். உப்புக் காற்று இரும்புக் கதவை அரித்துத் தின்னும் நமது கடற்கரையில் அதற்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை. திருவள்ளூரில் இந்தத் தண்டுகளைக் கடைசல் எந்திரத்தில் பொருத்தி, கையாலேயே கடைந்து, துளையிட்டு, மறைவெட்டி, மெருகேற்றுகின்றனர். எம். எஸ். பாண்டுரங்கன் அங்கே தொடங்கிய ரங்கா பேனா இன்று கடல் கடந்தும் விற்பனையாகின்றது. நமது மாவட்டத்தார் பலருக்கே இது தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஆந்திரத்து ராஜமுந்திரியில் கே. வி. இரத்தினம் இதற்கெல்லாம் முன்பே சுதேசிப் பேனா செய்தார். அதைப் பெற்றுக்கொண்ட காந்தியடிகள் 1935-இல் நன்றி தெரிவித்து அவருக்கு மடல் எழுதினார்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு நமது குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

1998 முதல் 2001 வரை நாம் இப்பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டை எழுதினோம், இதே பேனாவால். அப்போது நமக்கு ஒளிரும் நீல மையின் மீது மோகம். துவைத்தால் போய்விடும் மை என்று புட்டியிலேயே அச்சிட்டிருந்தது. வெள்ளை அங்கி அணிபவனுக்கு அதைவிட உகந்த மை ஏது என்று மகிழ்ந்து வாங்கினோம். பின்னர் மாற்றல் வந்தது. பல ஊர்களைச் சுற்றி, 2022-இல் பங்குத்தந்தையாக மீண்டும் இங்கேயே வந்து சேர்ந்தோம்.

2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையைக் கொட்டியபோது, பங்கு இல்லத்தில் முழங்காலளவு நீர் ஏறியது. பதிவேடுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. அவற்றை அங்கே வைத்தவர் வேறு எவரும் அல்லர், நாமே. நீர் வடிந்தபின் ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விசிறிக் காற்றில் உலர்த்தினோம். 1960-களில் நமக்கு முன்னோர் எழுதிய பக்கங்கள் கசங்கியிருந்தன. ஆயினும் ஒரு பெயர்கூட அழியவில்லை. நாம் எழுதிய பக்கங்களிலோ எழுத்தே இல்லை. வானத்தைக் கரைத்து ஊற்றியது போன்ற ஒரு நீலம் மட்டுமே இருந்தது. 41 குழந்தைகளின் பெயர்கள் அதற்குள் கரைந்து போயின.

அந்தக் குழந்தைகளெல்லாம் இப்போது திருமண வயதினர். திருமுழுக்குச் சான்று கேட்டு வரும் காலம் இது.

அந்த வாரம் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்கு அரிசி கொண்டு சென்றிருந்தோம். பழவேற்காட்டு ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பகிர்வதற்குப் பாடு என்று பெயர். அக்குப்பத்தின் பாட்டுக் கணக்கை எழுதி வரும் பெரியவர், நனைந்த நோட்டுகளைத் திண்ணையில் காயப் போட்டிருந்தார். எல்லாம் தெளிவாக வாசிக்க முடிந்தது. அருகிலேயே பேனா கிடந்தது; நம்முடையதைப் போன்ற கறுப்பு எபொனைட்டுப் பேனாதான். நமது கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை.

"பேனா மேல தப்பு இல்ல சாமி. கணக்குக்கு புளூ பிளாக், கடுதாசிக்கு நீலம்னு எங்க வாத்தியாரு அப்பவே சொல்லுவாரு. பாட்டுக் கணக்கு அழிஞ்சா இங்க வெட்டுக்குத்து ஆயிடும், இல்லையா?"

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்கு மையின் இலக்கணத்தை அன்று அவர் கற்பித்தார். பழைய கறுநீல மையில் இரும்பு உப்பும் துவர்ப்பொருளும் சேர்ந்திருக்கும். எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப்பட்டதும் கறுத்து, தாளின் நாரோடு பிணைந்துவிடும். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டிக் காய்ச்சிய மையும் இதே இனம். அன்னபேதி என்பது இரும்பு உப்பே. துவர்ப்பைக் கடுக்காய் தரும். அத்தகைய மை எஃகு நிப்பை மெல்ல அரிக்கும் என்பது உண்மை. அதனால் என்ன? மாதம் ஒருமுறை கழுவினால் போயிற்று. அரித்தே போனாலும் வேறு நிப்பு போட்டுக்கொள்ளலாம். கடையில் மை வாங்குவோர் புளூ பிளாக் என்ற பெயரை மட்டும் நம்பிவிட வேண்டா. தாளில் ஒரு வரி எழுதி, ஒரு நாள் காயவிட்டு, நீரில் முக்கிப் பார்த்து வாங்குக. நாம் இப்போது அப்படித்தான் செய்கின்றோம்.

கடந்த ஈராண்டுகளாக ஞாயிறு மாலைகளில் வீடு வீடாகச் செல்கின்றோம். பெட்டியடியில் பாதுகாத்த திருமுழுக்கு அட்டைகள், ஞானப் பெற்றோரின் நினைவு, பழைய நிழற்படத்தின் பின்புறம் குறித்த தேதி என்று கிடைத்தவற்றையெல்லாம் திரட்டி, இரு சாட்சிகள் முன்னிலையில் மீண்டும் எழுதுகின்றோம். ஒரு வீட்டில் தாயார் பேனாவை உற்றுப் பார்த்து, "இதே பேனாதானே சாமி அன்னிக்கும்?" என்றார். ஆம் என்றோம். வேறென்ன சொல்வது?

41-இல் 40 திரும்ப வந்துவிட்டன. எஞ்சிய குடும்பம் எப்போதோ இடம் பெயர்ந்துவிட்டது. அந்த நீலத்தின் ஓரத்தில் ஓர் எழுத்தின் வால் மட்டும் எஞ்சியிருக்கின்றது. அது பெண் பெயரின் ஈற்றெழுத்தாகத் தோன்றுகின்றது. 2000-ஆம் ஆண்டின் பெருவிழாக் காலத்தில் மீஞ்சூரில் திருமுழுக்குப் பெற்ற பெண் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால், பங்கு இல்லத்துக்கு ஒருமுறை வந்து செல்லுமாறு வேண்டுகின்றோம். புதிய பதிவேட்டில் அந்த ஒரு வரியை எழுதாமல் வைத்திருக்கின்றோம்.