கத்தரிச் செடியும் கலர் பாட்டிலும்

சாயங்காலம் ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லையென்றால் எங்கள் தெருப் பெண்கள் கடைக்குப் போக மாட்டார்கள். நேராக எங்கள் வீட்டுக் கொல்லைப் படலைத் திறப்பார்கள். "அக்கா, ரெண்டு கொத்து கிள்ளிக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் "எங்க வீட்டுச் செடி மட்டும் ஏன்க்கா இப்படி வாடிப் போவுது?" என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைக்காரிகள் என்றால், "கீரையாவது மருந்து அடிக்காததா குழந்தைக்குக் குடுக்கணும்னு ஆசையா இருக்கு" என்பார்கள்.

அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி செடியைச் சாகடித்துத் தெரிந்து கொண்டது. ஒரு பாடத்தை மட்டும் என் பிள்ளையை வைத்துக் கற்றுக் கொண்டேன். வெட்கமாக இருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாறும் வீராணம் ஏரியும் பக்கம்; நெல்லும் கரும்பும் விளைகிற களிமண் பூமி. நெல்லுக்குத் தோதான மண் கொல்லைச் செடிக்கு அத்தனை தோதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைத்துக் கொள்ளும்.

கல்யாணமாகி வந்த புதிதில், மிளகாய்ச் செடி வாடுகிறதே என்று தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றினேன். இன்னும் வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, அழுகின நாற்றம். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்று இருக்கிற இடமெல்லாம் தண்ணீராகி, வேர் திணறி அழுகி விடுகிறது. அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியுமா? ஈரத்தில் நின்றபடியே செடி வாடுகிறது. நாமோ தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறோம்.

அதனால் முதல் யோசனை இதுதான். தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். களிமண் ஊர்க்காரர்கள் ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். அகலம் மூன்று அடிக்கு மேல் வேண்டாம். பாத்தியை மிதிக்காமல் இரண்டு பக்கமும் கை எட்டும். மண்ணும் மக்கிய சாணி எருவும் சம பங்கு, கூடவே கொஞ்சம் உமி என்று கலந்தால் களிமண் பொலபொலவென்று ஆகும். கரும்பாலைக் கசடான பிரஸ்மட் கிடைக்கிற ஊர் என்றால் அதுவும் நல்ல எரு. ஆனால் பச்சையாகப் போட்டால் சூடு கண்டு வேர் கருகும். சில மாதம் மக்க விட்டுப் போடுங்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊராயிற்றே! ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அங்கிருந்து ஆசை ஆசையாய் நீலப்பூப் போட்ட பீங்கான் ஜாடி ஒன்றை மடியில் வைத்துக் கொண்டு பஸ்ஸில் வந்தேன். துளசி வைத்தேன், இருபது நாளில் போய்விட்டது. ஜாடி அலங்காரத்துக்குச் செய்தது, அடியில் ஓட்டை இல்லை. மண்தொட்டியாவது மேலெல்லாம் கசிந்து மூச்சு விடும். மெருகு பூசிய பீங்கானில் ஒரு சொட்டு கசியாது. இப்போது ஓட்டையுள்ள சின்னத் தொட்டியில் செடியை வைத்து அதை ஜாடிக்குள் இறக்கி விடுகிறேன். தண்ணீர் ஊற்றிய அரைமணி கழித்து, ஜாடியில் இறங்கினதைக் கொட்டி விடுவேன். தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரையும் வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு அந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

இப்படி ஒருவிதமாகத் தோட்டம் பிடிபட்டு வந்த நேரத்தில்தான் 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் வந்தது. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது என் முருங்கையும் பப்பாளியும் எம்மாத்திரம்? மறு வருஷம் முருங்கைப் போத்து நட்டு, பந்தல் கட்டி, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பறிகொடுத்து மறுபடி வளர்த்ததால் செடிகள் மேல் ஒரு வெறி போலவே ஆகிவிட்டது. ஒரு இலையில் ஓட்டை விழுந்தாலும் பொறுக்காது.

2013 சித்திரை. பத்துக் கத்தரிச் செடி வைத்திருந்தேன். பூவும் பிஞ்சுமாக இருந்தபோது நுனிக்குருத்து ஒவ்வொன்றாகத் தலை தொங்கியது. காயை அறுத்தால் உள்ளே புழு. தண்டும் காயும் துளைக்கிற புழு அது. என் கொழுந்தனாரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் வயலுக்கு வாங்கி வைத்திருந்த மருந்தில் கொஞ்சம், ஒரு பழைய கலர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "அண்ணி, வாளித் தண்ணிக்கு ரெண்டு மூடி போதும். பார்த்து வெச்சுக்கங்க" என்றும் சொன்னார். நான் பார்த்துத்தான் வைத்தேன், கிணற்றடித் துவைக்கிற கல்லுக்குப் பின்னால்! என் பையனுக்கு அப்போது மூன்று வயது.

இரண்டாம் நாள் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. கொல்லையிலிருந்து என் மாமியாரின் சத்தம். ஓடிப் போனால், பிள்ளை கையில் அந்தப் பாட்டில். மூடி கீழே கிடக்கிறது. சட்டையெல்லாம் ஈரம், காட்டமான நெடி. பாட்டிலைப் பார்த்துக் கலர் என்று நினைத்திருக்கிறான். வாயில் பட்டதா, உள்ளே போயிற்றா, யாருக்கும் தெரியாது. கேட்டால் மிரண்டு அழுகிறான். என் மாமியார்தான் சட்டையை உருவி எறிந்து, சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" என் கையில் இருந்ததோ கலர் கம்பெனிச் சீட்டு ஒட்டிய பாட்டில். அதில் மருந்தின் பெயர் எங்கே இருக்கும்? கொழுந்தனாருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, வயலில் இருக்கிறார். அவர் அசல் டப்பாவைத் தூக்கிக் கொண்டு வந்து சேர அரை மணிக்கு மேலாயிற்று. அந்த அரை மணி நேரத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. டாக்டர் அடிக்கடி டார்ச் அடித்துப் பிள்ளையின் கண்மணி சுருங்குகிறதா, வாயில் எச்சில் ஊறுகிறதா என்று பார்த்தபடி இருந்தார். கடவுள் புண்ணியம், உள்ளே போகவில்லை. இருந்தாலும் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்த்துவிட்டே அனுப்பினார்கள். தோலில் பட்டாலே உடம்புக்குள் இறங்குகிற மருந்தாம் அது.

டப்பாவில் சாய்சதுரக் குறி, அதன் கீழ்ப்பாதி சிவப்பு. மிகக் கடுமையான விஷத்துக்கு அந்தச் சிவப்பு. அதற்கு அடுத்தடுத்த வீரியம் மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கி வரும். மருந்தின் பெயர் மோனோகுரோட்டோபாஸ். காய்கறிகளுக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே அரசு தடை போட்டிருக்கிறது. வீட்டுக் கத்தரிக்காயில் அதை அடித்து, என் குடும்பத்துக்கே நான் சாம்பார் வைக்க இருந்தேன்!

அந்த வருஷம் ஜூலை 16-ந் தேதி, பீகாரில் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்து போனார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது அதே மோனோகுரோட்டோபாஸ். டி.வி.யில் செய்தி கேட்ட அன்று என் வீட்டில் யாருமே சாப்பிடவில்லை. 2023-ல் அந்த மருந்தின் 36 சதவீதத் திரவத்துக்கே மத்திய அரசு தடை ஆணை போட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவு மாமியார் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா, காயில புழு இருந்தா அந்த இடத்தை அரிஞ்சு போட்டுட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். புள்ளையை அப்படிச் செய்ய முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அன்றோடு என் கொல்லைக்குள் வயல் மருந்து வருவது நின்றது.

பிறகு எப்படிப் பூச்சியைச் சமாளிக்கிறாய் என்பீர்கள். சொல்கிறேன்.

கத்தரிக்குத் தினமும் காலையில் ஒரு சுற்று வருவேன். தலை தொங்கிய குருத்தை ஒரு விரல் நீளம் சேர்த்துக் கிள்ளி, ஓட்டை விழுந்த காயையும் பறித்து, சோப்புத் தண்ணீரில் போட்டுப் புழு செத்த பிறகு புதைத்து விடுவேன். கிள்ளினதைச் செடியடியிலேயே போட்டால் உள்ளே இருக்கும் புழு வளர்ந்து, அந்துப்பூச்சியாகி மறுபடி வரும். அவரையில் அசுவினி மொய்த்தால் விடிகாலைப் பனி ஈரத்தில் விறகுச் சாம்பலைத் தூவுவேன்.

வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடினால் அது வெள்ளை ஈ பரப்புகிற நோய். எந்த மருந்துக்கும் தீராது. அந்தச் செடியை உடனே பிடுங்கி விட்டால் பக்கத்துச் செடி பிழைக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக் கொள்ளும்.

பொதுவாக எல்லாப் பூச்சிக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 50 கிராம் இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, துளி காதி சோப் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். கொட்டை கிடைக்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய். முதலில் எண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் குலுக்கி, பிறகு தண்ணீரில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். இதுவும் குழந்தைகள் குடிக்கக் கூடாதது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைத்துத் தீர்த்து விடுங்கள்.

செடியில் பூச்சியைப் பார்த்ததும் பதறவும் வேண்டாம். கடுகு மாதிரி புள்ளி வைத்த பொறிவண்டு நமக்குச் சிநேகிதி; அசுவினியைத் தின்னும். பப்பாளியில் பஞ்சு ஒட்டினாற்போல் வருகிற மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் முதலில் தலைகாட்டியது. பிறகு பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஊர் ஊராகப் பாழாக்கியது. மருந்து அடித்து ஓயவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ என்ற தூரத்துத் தீவிலிருந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவியைத் தருவித்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட, குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று விடும். அதற்குப் பிறகுதான் பப்பாளிக்கு விமோசனம் பிறந்தது. நாம் விஷம் தெளித்தால் முதலில் சாவது இந்த மாதிரி சிநேகிதிகள்தான்.

இன்னும் இரண்டு சந்தேகம் அடிக்கடி வரும். "பூசணி பூக்குது, காய் பிடிக்கலையே?" பூவுக்கடியில் குட்டிக்காய் போல உருண்டை இருந்தால் அது பெண் பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண் பூ. வண்டு வராத வீட்டில், விடிகாலையில் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி விடுங்கள். "தக்காளி அடியில கறுத்துப் போவுதே?" ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றினால், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் அப்படி ஆகும். அளவாக, தவறாமல் ஊற்றினால் அடுத்த காய்கள் சரியாகி விடும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அவரை, புடலை, பீர்க்கை ஆடியில் போடுங்கள். கைக்குழந்தைக்காரிகள் பெரிய பந்தலுக்கு ஆசைப்படாமல் முதலில் ஒரு பாத்தி தண்டுக்கீரை போதும். விதைத்து இருபத்தைந்து, முப்பது நாளில் பறிக்கலாம்.

என் பையன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடம் போகுமுன் கத்தரியைச் சுற்றிக் குருத்து கிள்ளுவது அவன் வேலை. நாலு காய் பறித்தால் ஒரு காயில் புழு இருக்கத்தான் செய்கிறது. மாமியார் திண்ணையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து அந்த இடத்தை அரிந்து எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் போடுகிறார்.

இதைப் படித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் கிணற்றடியிலும் கக்கூசிலும் ஒரு பார்வை பாருங்கள். பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ ஆசிட்டோ, குடிக்கிற பாட்டிலில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். எதுவானாலும் சீட்டு ஒட்டிய அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டுப் போட்ட இடத்தில் இருக்கட்டும். தப்பித் தவறி ஏதாவது நேர்ந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். துணியைக் கழற்றி உடம்பைக் கழுவி, 108-க்குப் போன் செய்து, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக் கொண்டு போங்கள். அதற்குப் பிறகு நிதானமாகப் பாத்தி கட்டலாம்.