ஜீப்பின் உயரமும் சம்மட்டியின் திசையும்

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையிலிருந்து நெய்வேலி வரையுள்ள வட்டாரத்தில், லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறைகளைப் பார்க்கப் போனேன். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையை நம்பியிருக்கும் தொழில் இது. முந்திரியும் பலாவும் ஏற்றுகிற லாரிகள், மண் அடிக்கும் டிப்பர்கள் ஆகியவற்றின் பாரம் தாங்கித் தொய்ந்த ஸ்பிரிங் பட்டைகளை நிமிர்த்திக் கொடுப்பதுதான் அன்றாட வேலை. எப்போதாவது ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வந்து நிற்கும். 1949 இல் பம்பாயில் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய வில்லீஸ் ஜீப்பின் வழிவந்த சி.ஜே. 3 பி, எம்.எம். 540 போன்றவை, அல்லது 1985 இல் வந்த மாருதி ஜிப்சி. முன்பு யாரோ உயர்த்திக் கட்டிய வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கித் தரச் சொல்லி வருகிறார்கள். வண்டிக்காரர்கள் கூட்டத்தில் இது கௌரவமான வேலை அல்ல. உயர்த்துவது வீரம், இறக்குவது பின்வாங்கல் என்ற எண்ணம் இருக்கிறது. நான் பார்த்தவரையில் உண்மை நேர்மாறானது. இரண்டிலும் கடினமானதும் வண்டிக்கும் எஃகுக்கும் நல்லதுமான வேலை இறக்குவதுதான்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். வண்டி கவிழுமா என்பதை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையிலுள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். பிந்தைய ஜிப்சிகளின் சக்கர அகலம் சுமார் 1300 மி.மீ. ஈர்ப்பு மையம் 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் விடை 1.00. அந்த மையம் மூன்று அங்குலம், அதாவது சுமார் 75 மி.மீ. உயர்ந்தால் விடை ஏறக்குறைய 0.90 ஆகிவிடும். வளைவில் வண்டி தாங்கும் பக்கவாட்டு விசையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஜிப்சியின் உடன்பிறப்பான சுசுகி சாமுராய் எளிதில் கவிழ்கிறது என்று 1988 இல் அமெரிக்க நுகர்வோர் இதழான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் எழுதியது. சுசுகி அதை மறுத்து 1996 இல் வழக்குத் தொடுத்தது. 2004 இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தொழிற்சாலை உயரத்திலேயே இத்தனை ஆண்டுகள் வாதத்துக்கு உள்ளான உடலமைப்பை இன்னும் உயர்த்துகிறவர், வாதத்துக்கே இடமில்லாத ஆபத்துக்குள் போகிறார்.

"காட்டுக்கும் மேட்டுக்கும் போகிற வண்டிக்கு உயரம் வேண்டாமா?" என்ற கேள்வி நியாயமானது. பதில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலே தெரியும். இந்த ஜீப்புகளில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு ஒரே துண்டு. அதன் நடுவில் டிபரன்ஷியல் உருண்டை தொங்குகிறது. வழியில் கிடக்கும் கல்லில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் அதுதான். பட்டையை எவ்வளவு வளைத்தாலும் அந்த உருண்டை ஒரு மயிரிழைகூட உயராது. அது தரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முடிவு செய்வது டயரின் ஆரம் மட்டுமே. பட்டையால் உயர்வது சேசிஸும் பாடியும். மேடேறும்போது முன்புறம் இடிக்காமலிருக்கவும் பெரிய டயர் பூட்ட இடம் கிடைக்கவும் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் தார்ச்சாலையிலும் தோப்பு மண்பாதையிலும் ஓடுகிற வண்டிக்கு அந்த ஆதாயம் சிறிது, அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. உயர்த்திய வண்டியில் முன் அச்சின் சாய்வு மாறினால் ஸ்டீயரிங் தடுமாறும். அச்சைச் சுழற்றும் ஜாயின்ட் ராடின் கோணம் கூடி அதன் கிராஸ் மூட்டு சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் இழுபடும். உயரத்தால் வந்த இந்தக் குறைகளோடுதான் ஜீப்புகள் பட்டறைக்கு வருகின்றன.

இனி இறக்கும் வேலை. சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்தும் பாடி விளிம்பு வரை டேப் பிடித்து எழுதிக்கொள்வதுதான் தொடக்கம். பிறகு சேசிஸுக்கு முட்டுக்கொடுத்து, யூ போல்ட்டைக் கழற்றி, பட்டைக்கட்டை வெளியே எடுக்கிறார்கள். சென்டர் போல்ட் உருவப்பட்டதும் கட்டு தனித்தனிப் பட்டைகளாகப் பிரிகிறது. அப்போதுதான் கைவேலையின் நுட்பம் தெரிகிறது. எல்லாப் பட்டைக்கும் ஒரே வளைவு கிடையாது. இரண்டு முனையிலும் கண் உள்ள முதல் பட்டை வளைவு குறைந்தது. கீழே போகப்போக நீளம் குறையும், வளைவு கூடும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இடையில் மெல்லிய சந்து தெரியும். போல்ட் இறுக்கும்போது அந்தச் சந்து மூடி, பட்டைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வண்டியை இறக்க வேண்டுமென்றால் ஒரு பட்டையை மட்டும் தட்டையாக்கிப் பயனில்லை. அத்தனையையும் அதே விகிதத்தில் குறைத்து, சந்து கெடாமல் பார்க்க வேண்டும். ஒருவர் பட்டையைக் குறட்டால் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார், இன்னொருவர் சம்மட்டி போடுகிறார். எந்த இடத்தில் எத்தனை அடி என்பதற்கு அச்சிட்ட அட்டவணை எதுவும் அங்கே இல்லை. அடித்த பட்டையை அடுத்த பட்டையோடு சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

சம்மட்டி விழும் திசைதான் என் வாதத்தின் மையம். வண்டியின் எடை பட்டையை எப்போதும் தட்டையாக்கவே பார்க்கிறது. அப்போது அதன் உட்குழிந்த மேல்முகம் இழுபடுகிறது. விரிசல் பிறப்பது இந்த முகத்தில்தான். உயர்த்துவதற்காக வளைவைக் கூட்டி அடித்தால் மேல்முகத்தில் நிலையான இழுவிசை தங்கிவிடும். அதன்மேல் ஓட்டத்தின் இழுவையும் சேரும். இறக்குவதற்காக வளைவைக் குறைத்து அடித்தாலோ அதே முகத்தில் அமுக்கவிசை தங்கி, ஓட்டத்தின் இழுவையில் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. புதிய ஸ்பிரிங்கைத் தொழிற்சாலையிலேயே ஒருமுறை அளவுக்கு மீறி அமுக்கி எடுப்பதும் இந்தக் காரணத்துக்காகவே. பட்டறையில் சம்மட்டி பிடிக்கிறவர் இதை விசை என்றும் அழுத்தம் என்றும் விளக்காமல் இருக்கலாம். கேஸ் வைத்துச் சூடாக்கினால் டெம்பர் போய்விடும் என்று கேஸைத் தொடாமல் குளிர்ந்த எஃகின் மேலேயே வேலை செய்வது, அறிவியல் பாடம் படித்தவர் செய்வதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

இதைவிட எளிய வழி கேட்கிறவர்களும் உண்டு: ஒரு பட்டையை உருவிவிட்டால் வண்டி தானே இறங்குமே! இறங்கும். ஆனால் ஏழு பட்டை தாங்கிய பாரத்தை ஆறு பட்டை தாங்க வேண்டும். கட்டு மெலிந்து, பள்ளத்தில் அச்சு ரப்பர் ஸ்டாப்பில் மோதி, முதல் பட்டை கண்ணருகே முறிய வாய்ப்பு கூடும். அளவுக்கு மேல் தட்டையாக்குவதும் தவறுதான். அச்சு மேலே ஏறி இறங்க இடம் வேண்டும். ஜிப்சியில் பட்டை அச்சுக்குக் கீழே ஓடுவதே கம்பெனி அமைப்பு. அதை மேலே மாற்றிப் பூட்டி உயர்த்திய வண்டியாக இருந்தால், பட்டையை மறுபடி கீழே கொண்டுவருவதோடு வேலை முடியாது. பட்டை உட்கார வெல்டு வைத்த இருக்கைகளின் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். கடைசியில் புது யூ போல்ட். ஒருமுறை இறுகி நீண்ட போல்ட் மறுமுறை பிடிக்காது, சென்டர் போல்ட் அறுந்தால் அச்சே இடம் நகரும். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட தேரின் அச்சு முறிந்த கதையை அச்சிறுபாக்கம் சொல்கிறது. அந்தத் திரிபுரம் எரிந்த தலமான திருவதிகைக்காரர்களுக்கு அச்சின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

"கையால் அடித்த பட்டை எத்தனை நாள் நிற்கும், புது செட் வாங்கிப் போடலாமே" என்பது கடைசி ஆட்சேபம். துருவேறிப் பள்ளம் விழுந்த பட்டைக்கும் விரிசல் கண்ட பட்டைக்கும் புதியது போடுவதுதான் சரி, நல்ல பட்டறைக்காரர்களும் அதை அடிக்க மாட்டார்கள். ஆனால் உற்பத்தி நின்ற வண்டிக்குச் சரியான வளைவோடு செட் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் அது வண்டியின் இன்றைய எடைக்குப் பொருந்த வேண்டும். டீசல் எஞ்சின் மாற்றியது, இரும்பு பம்பர் பூட்டியது எல்லாம் எடையைக் கூட்டியிருக்கும். அந்தப் பொருத்தத்தைத் தருவது கைதான். அந்தக் கைவேலைக்காரர்களில் பலர் காதுக்கு அடைப்புகூட இல்லாமல் சம்மட்டிச் சத்தத்தில் நாள் முழுக்க நிற்கிறார்கள். கூலியோ எண்ணிக்கைக் கணக்கு. ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் மாணவர்களை இந்தப் பட்டறைகளுக்கு அனுப்பிப் பழக்கினால் இரு தரப்புக்கும் நன்மை.

சட்டமும் இந்த வேலையின் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 திருத்தம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. உயர்த்திய வண்டியைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது அந்தக் குற்றத்திலிருந்து மீள்வது. அதற்கும் கீழே இறக்கினால் மறுபடியும் சிக்கல். ஆகவே ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறைக்குப் போகும்போது வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு போங்கள், கம்பெனி உயரத்தை எழுதிக் கொடுங்கள், பட்டையை உருவச் சொல்லாதீர்கள், புது யூ போல்ட்டுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். உயர்த்துவதற்குக் கொடுத்த கூலியைவிட ஒரு ரூபாயும் குறையாமல் இறக்குவதற்கும் கொடுங்கள்.