அத்தைக்குப் பல் கட்டப் போனோம்

2015-ல் மெட்ரோ ரயில் வந்தபிறகு ஈக்காட்டுத்தாங்கல் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. உயரத்திலிருக்கும் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் நூறடி ரோட்டின் இரைச்சல். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரின் மாடிப்படி ஏறினேன். கடைவாய்ப் பல் போய் ஆறு வருஷம். "திருகு வெச்சுப் பல் கட்டிக்கணும், முறுக்கு கடிக்கணும்" என்று அத்தைக்கு ஒரே பிடிவாதம்.

டாக்டர் வாயைப் பார்க்குமுன் சர்க்கரையைத்தான் விசாரித்தார். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டுமாம். அப்புறம் ஸ்கேன். பல் போன இடத்தில் எலும்பு நாளடைவில் கரைந்துவிடுகிறது. டைட்டானியம் திருகு ஒட்டிப்பிடிக்க உயரமும் அகலமும் மிச்சமிருக்க வேண்டாமா? 1965-ல் ஸ்வீடனில் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு வைத்ததும் அந்த ஒட்டுதலை நம்பித்தான்.

"வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?"

"வாரம் ஒண்ணு, எலும்பு பலவீனத்துக்கு. அது பல்லுக்கு எதுக்கு?"

அங்கேதான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த ரக மாத்திரைகளில் சிலவற்றை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குத் தாடையில் கை வைத்தால் புண் ஆறாமல், எலும்பே பட்டுப்போவதும் உண்டாம், அபூர்வமாக. "நீங்களா நிறுத்திடாதீங்க. எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டே கடிதம் வாங்கிட்டு வாங்க. வயசு தடையில்லே." (நல்லவேளை, வெற்றிலைப் புகையிலைப் பழக்கம் கிடையாது.)

திரும்பும்போது ஸ்டேஷன் படியில் அத்தை சொன்னார்: "அதுவரைக்கும் முறுக்கை இடிச்சுக் கொடு!"