கோடம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன்

கோடம்பாக்கம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சினிமாவே நினைவுக்கு வரும். ஆனால் இது பழைய தொண்டைமண்டலத்தின் புலியூர்க் கோட்டத்தில் அடங்கிய பூமி. புலியூர் என்ற பெயர் இங்கே இன்னும் வழங்குகிறது. பரத்வாஜேசுவரர் அங்கே கோயில் கொண்டிருக்கிறார். ஸ்டூடியோக்கள் பின்னால் வந்தவை. வேண்டியபோது விளக்கைப் போட்டுப் பூரணசந்திரனை உதிக்கச் செய்த ஊர் இது. இத்தகைய ஊரில் குடியிருக்கும் நமது வீட்டில், உண்மையான சந்திரன் எங்கே இருக்கிறான் என்பதைப் பற்றியே ஒரு தகராறு கிளம்பிவிட்டது.

காலஞ்சென்ற நமது தகப்பனாரின் வருஷத் திதி தேய்பிறை ஸப்தமி. மாம்பலத்தில் வசிக்கும் தமையனாரின் வாக்கியப் பஞ்சாங்கப்படி அது வியாழக்கிழமை. நாம் பார்க்கும் திருக்கணிதப்படி புதன்கிழமை. "அண்ணா, வானத்தில் உள்ளதைத்தானே கணக்கிலும் போடவேண்டும்?" என்றோம். "அப்பா பார்த்த பஞ்சாங்கம் எனக்குப் போதும்" என்று அவர் டெலிபோனை வைத்துவிட்டார். கல்லூரியில் பௌதிகம் படிக்கும் நமது குமாரன், "இரண்டில் ஒன்று தப்பென்றால், இந்தத் திதியையே எதற்காக நம்பவேண்டும்?" என்றான். கேட்டுக்கொண்டிருந்த பாட்டியின் முகம் வாடிற்று.

அவனுக்கு வாயால் பதில் சொல்லாமல் ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றோம். பிரயாணம் பெரிதல்ல, வடக்கே ஒரே ஸ்டேஷன். நுங்கம்பாக்கத்தில் இறங்கிக் கல்லூரிச் சாலைக்குப் போனால், மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் ஒரு கருங்கல் ஸ்தம்பம் நிற்கிறது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே நிறுவிய வானிலைக்கூடத்தில் தூரதரிசனிக் கருவியைத் தாங்கிய தூண் அது. ஆசியாவிலேயே கணித சாஸ்திரத்தை முதன்முதலில் நட்டது ஆங்கிலேயரின் தாராள குணம் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். ஆரியபடர் 499-ல் நூல் செய்த தேசத்தில் இப்படி எழுதத் துணிந்தார்களே என்று நகைத்தோம். ஆனால் அங்கே நமக்குக் கோபத்தைவிடப் பெருமைக்கே அதிக இடம் உண்டு.

அந்த வானிலைக்கூடத்தில் உழைத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1867-ல் தென்வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்டு 18-ல் நேர்ந்த பூரண சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து ஆராய்ந்தார். அதே கிரகணத்தைக் குண்டூரில் ஆராய்ந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்ஸன். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் ஆச்சாரியாரை அங்கத்தினராக ஏற்றது. 1874-ல் சுக்கிரன் சூரியபிம்பத்தைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்களுக்கு அதை விளக்கி நூல் எழுதினார். இவ்வளவு கற்றவர் பஞ்சாங்கத்தைக் கிழித்தெறியவில்லை, திருத்தினார். கண்ணால் கண்டு சரிபார்த்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, அதற்காக வாதாடினார். 1880-ல் காலமானார்.

வாக்கியம் இழிவானதா? இல்லவே இல்லை. 248 நாட்களுக்குச் சந்திரனின் நிலையை 248 சிறு வாக்கியங்களில், எழுத்துக்களையே எண்களாக வைத்து, மனப்பாடமாகக் காப்பாற்றிய பெருமை அதற்கு உண்டு. சந்திரன் சூரியனைவிட்டுப் பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி. ஆனால் சூரியனின் ஈர்ப்பால் சந்திரன் நடையில் சில தடுமாற்றங்கள் உண்டு. பழைய கணக்கில் அவை சேரவில்லை. அமாவாசை, பௌர்ணமிகளில் வித்தியாசம் குறைவு. ஸப்தமி, அஷ்டமிகளை அண்டி அதிகம். கிரகணம் ஏறக்குறையச் சரியாக வந்துவிடுவதால், பிழை நெடுங்காலம் பலர் கண்ணில் படவில்லை.

தூணின் நிழலில் குமாரன் வெகு நேரம் நின்றான். "சந்திரன் எங்கே என்று தூரதரிசனி சொல்லிவிடும். தாத்தாவை நினைக்கவேண்டுமா என்று அது சொல்லாது இல்லையா, அப்பா?" என்றான். ஆம் என்றோம். சொல்லும்போதே நமக்கும் உறைத்தது. தமையனார் காத்து நின்றது கணக்கை அல்ல, தகப்பனாரின் கையிலிருந்து வாங்கிக்கொண்ட புஸ்தகத்தை. அதை எந்தக் கருவி கொண்டு திருத்துவது?

வீடு திரும்பியதும் தாயாரிடம் யோசனை கேட்டோம். "கணக்கு உன்னுடையதே சரியாக இருக்கட்டும். ஆளுக்கொரு நாள் பிண்டம் வைத்தால் உங்கள் அப்பா மனம் என்ன பாடுபடும்?" என்றார்.

புதன்கிழமை விடியற்காலையில் குமாரன் பாட்டியைக் கைபிடித்து மாடிக்கு அழைத்துப் போய்த் தேய்ந்த சந்திரனைக் காட்டினான். அவர் கைகூப்பினார். அவன் விலகல் பாகையை விளக்கிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை காலை, எல்லோரும் ஸ்நானம் செய்துவிட்டுக் கோடம்பாக்கத்தில் ரயில் ஏறினோம். இம்முறை தெற்கே, அதுவும் ஒரே ஸ்டேஷன்தான். மாம்பலம் வீட்டு வாசலில் தமையனார் நமக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.