இடிக்கிற கூலி வேண்டாம்

எங்கள் ஊரில் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு திருவருகைக் காலம் வந்துவிடும். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைகளில் ஏற்றிய மெழுகுவத்தியின் கறை மழையில் கரைவதற்குள் பீடத்தில் ஊதாத் துணி ஏறியிருக்கும். நான் வளர்ந்த காலத்தில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று நின்றது. வாசல் பக்கம் ஊர்த் தெருக்காரர்களுக்கு. ஓடைப் பக்கம், ஐப்பசி மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற பக்கம், எங்கள் தெருவுக்கு. இரண்டு பக்கமும் படுத்திருந்தவர்கள் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

அப்பா கொத்தனார். பங்குப்பேரவையில் எங்கள் தெருவுக்காக அவர் இருந்தார். கிறிஸ்துமஸ் ஏற்பாட்டுக் கூட்டத்தில் குடில் யார் கட்டுவது, ஸ்டார் எங்கே தொங்கவிடுவது, கேரல்ஸ் எந்தத் தெருவில் தொடங்குவது என்று எல்லாம் பேசி முடிந்ததும் எழுந்து நிற்பார். "சாமி, அந்தச் சுவத்த எடுத்துரணும். இடிக்கிற கூலி எனக்கு வேணாம். உத்தரவு மட்டும் குடுங்க." "பார்ப்போம்ப்பா" என்று பதில் வரும். சாமியார்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. அடுத்த வருஷமும் எழுந்து நிற்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குப்பா வருஷா வருஷம் போயி அவங்க முன்னாடி நிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து கரணையில் காய்ந்திருந்த சிமென்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "கேக்காம வுட்டா நாமளும் சம்மதிச்ச மாதிரி ஆயிரும்டா."

கிறிஸ்தவ எதிர்நோக்கு பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ மறையுரை கேட்டுவிட்டேன். எனக்கு அந்தப் பாடம் கிடைத்தது அந்தத் திண்ணையில்தான்.

பன்னிரண்டாவது முடித்ததும் சாதிச் சான்றிதழ் வாங்க நானும் அத்தை மகனும் ஒன்றாகப் போனோம். அத்தையை உள்ளூரிலேயே ஓர் இந்துக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அவனுக்கும் எனக்கும் ஒரே தெரு, டீக்கடையில் ஒரே தனி டம்ளர். அவன் சான்றிதழில் ஆதிதிராவிடர் என்று வந்தது, என்னுடையதில் பிற்படுத்தப்பட்டோர் என்று. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக் குடியரசுத் தலைவர் ஆணையில், இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியில் சேர்க்காத மூன்றாவது பத்தி செய்த வேலை அது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. தனித் தொகுதியில் நிற்க முடியாது, தெருவில் சாதி சொல்லி அடித்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. மதம் மாறியதும் சாதி போய்விட்டதாக எழுதி வைத்தவர்கள் எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அறிக்கை கொடுத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். எத்தனை ஆணையம் வந்தாலும் ஆகஸ்ட் 10ஆம் தேதி கறுப்புக் கொடியோடு நிற்கிறவர்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அப்பாவின் பிடிவாதத்தை நான் அவர்களிடமும் பார்க்கிறேன்.

ஆனால் டெல்லியைக் கேட்பதற்கு முன் நம் வீட்டைக் கேட்க வேண்டாமா? தலித் கிறிஸ்தவர் திருச்சபைக்குள்ளேயே ஒதுக்கப்படுவதை ஒப்புக்கொண்டு இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அது 2016 டிசம்பரில், திருவருகைக் காலத்தில்தான். அந்தக் காலத்து வாசகங்களைக் காது கொடுத்துக் கேட்டால் அதில் ஆச்சரியம் இல்லை. பள்ளத்தை நிரப்பி மேட்டைக் குறைத்து வழி சமன் செய்யச் சொல்கிறார் எசாயா. ரசமட்டமும் கையுமாகத் திரிந்த அப்பாவுக்கு அது வேலைத்தளத்துப் பேச்சு. திருமுழுக்கு யோவானிடம் மக்கள் வந்து என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்கள். நோன்பு இரு, செபமாலை சொல் என்று அவர் சொல்வதில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றைக் கொடுக்க வேண்டும், வரி வாங்குகிறவன் கூடுதலாக வாங்கக் கூடாது, படைவீரன் மிரட்டிப் பிடுங்கக் கூடாது என்கிறார். துணி, காசு, அதிகாரம்: லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் மனமாற்றம் இந்த மூன்றில்தான் அளக்கப்படுகிறது.

பீடத்தருகே வைக்கும் மெழுகுவத்தி வளையமும் ஏழைப் பிள்ளைகள் மத்தியில் பிறந்ததுதான். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டார். வார நாளுக்குச் சிறியது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியது. பட்டு ரிப்பன் கட்டிய இன்றைய வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சக்கரம்தான் ஞாபகம் வரும்.

அப்பாவை ஓடைப் பக்கம்தான் அடக்கம் செய்தோம். அவருக்குப் பிறகு அந்தக் கேள்வியைத் தெரு இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊர்த் தெருப் பையன்கள் சிலரும் சேர்ந்து கேட்டார்கள், அது பெரிய விஷயம். பேச்சுவார்த்தை, கோபம், பூசையைப் புறக்கணித்தல் எல்லாம் நடந்தது. கடைசியில் சுவரை ஓரிடத்தில் உடைத்து வழி விட்டார்கள். புதிதாக இறப்பவர்களை இப்போது ஒரே வரிசையில் வைக்கிறார்கள். மீதிச் சுவர் இன்னும் நிற்கிறது.

உங்கள் பங்கிலும் கிறிஸ்துமஸ் ஏற்பாட்டுக் கூட்டம் நடக்கும். குடிலும் கேரல்ஸும் பேசி முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். கேரல்ஸ் எல்லாத் தெருவுக்கும் போகிறதா, பாடற்குழுவில் யார் பிள்ளைகள் இருக்கிறார்கள், சவ வண்டி எல்லாருக்கும் ஒன்றா, கல்லறையில் இடம் ஒன்றா என்று கேளுங்கள். "பார்ப்போம்" என்றால் தேதி கேளுங்கள்.