கால்சியம் ஊத்திக்கிட்டே இருக்கிற தம்பிக்கு

போன வாரம் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தப்போ ஒரு தம்பி கேட்டாரு: "அண்ணே, வீட்டுல கடல் தண்ணித் தொட்டி வெச்சிருக்கேன். கால்சியம் ஊத்திக்கிட்டே இருக்கேன், பவளம் வளரவே மாட்டேங்குது." அந்தச் சத்தத்துல சரியா பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறேன். நான் பண்ணின தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

எங்க வீட்டுத் தொட்டி மகனோடது, 200 லிட்டர். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது "அப்பா, பார்த்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனான். மீனுக்குச் சாப்பாடு போட்டா போதும். பவளம் அப்படி இல்ல. தண்ணியில இருக்கிற கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் தன் எலும்பைக் கட்டுது. கடல்ல ஒரு லிட்டருக்குக் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம் இருக்கும்.

ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து டெஸ்ட் பண்ணினேன். 340 காட்டுச்சு. பதறிப் போய் கால்சியம் குளோரைடைக் கரைச்சு ஊத்தினேன். அல்கலினிட்டியும் குறைவுன்னு சோடா கரைசலையும் உடனே ஊத்தினேன். தண்ணி பால் மாதிரி ஆயிடுச்சு. ரெண்டும் சேர்ந்து சுண்ணாம்பா மாறி, ஹீட்டர்லயும் பம்ப்லயும் படிஞ்சிடுச்சு. வெந்நீர்க் கெண்டி அடியில வெள்ளையா படியுமே, அதே மாதிரி. மறுநாள் பார்த்தா கால்சியம் ஏறவே இல்ல, அல்கலினிட்டி இன்னும் இறங்கியிருந்துச்சு. மூணு வருஷமா அவன் வளர்த்த பவளத்துல பாதி வெளுத்துப் போச்சு.

ஒரு வாரம் அவன் போன் பண்ணும்போதெல்லாம் "நல்லா இருக்குப்பா"ன்னு பொய் சொன்னேன். கம்பெனியில ஒரு பையன் ரீடிங்கை மறைச்சா நான் விடுவேனா? வெட்கமா போச்சு. உண்மையைச் சொல்லிட்டேன். அவன் கோபப்படல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்: "அப்பா, மக்னீசியம் பார்த்தீங்களா?"

பார்க்கல. அப்புறம் பார்த்தா 1,050. கடல்ல கிட்டத்தட்ட 1,300 இருக்கும். கால்சியமும் கார்பனேட்டும் அவசரப்பட்டு ஒட்டிக்காம தடுக்கிறதே மக்னீசியம்தான்.

அதனால தம்பி, முதல்ல டெஸ்ட் கிட் காலாவதி ஆயிடுச்சான்னு பாருங்க. அடுத்து மக்னீசியத்தைச் சரி பண்ணுங்க. கால்சியத்தையும் சோடாவையும் ஒண்ணா ஊத்தாதீங்க. நான் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, கொஞ்சம் கொஞ்சமாதான் ஊத்துறேன். ஒரு நாளைக்குக் கால்சியம் 20-க்கு மேல ஏத்துறதில்ல. பவளம் அல்கலினிட்டியில 1 டிகிரி எடுத்தா, கால்சியத்துல சுமார் 7 மில்லிகிராம்தான் எடுக்கும். அதனால அல்கலினிட்டிதான் முதல்ல இறங்கிக் காட்டும். அதை வாரம் ரெண்டு தடவை பாருங்க. கால்சியத்தைத் தினமும் பார்த்துப் பதற வேண்டாம்.

500 பேருக்கு வைக்கிற சாம்பார்ல உப்பு குறைஞ்சா போட்டுக்கலாம். கூடிட்டா எடுக்க முடியுமா? இதுவும் அப்படித்தான்.

மிச்சம் இருக்கிற பவளத்துல இப்போ புது நுனி விட்டிருக்கு. மகன்கிட்ட சொல்லல. தீபாவளிக்கு வந்து அவனே பார்க்கட்டும்.

தம்பி, ஞாயித்துக்கிழமை வரும்போது ஒரு போத்தல்ல உங்க தொட்டித் தண்ணி எடுத்துட்டு வாங்க. நான் கிட் கொண்டு வர்றேன், சேர்ந்து பார்ப்போம்.